உங்கள் டர்ன் முடியும்வரை நான் என்ன செய்வது?

மேஜைமேல் சிறு பொம்மைப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் மினியேச்சர் போர் ஆட்டங்களின் விதிப்புத்தகத்தைப் புரட்டினால் துப்பாக்கிக்கும் கவசத்துக்கும் பக்கம் பக்கமாக விதி இருக்கும். யார் எப்போது நகர்வது என்பதற்கு அரைப் பக்கம் கிடைத்தால் பெரிது. ஆனால் மேஜையின் இரு பக்கமும் நிற்பவர்களுக்கு ஆட்டம் எப்படிப் போகும் என்பதை அந்த அரைப் பக்கம்தான் தீர்மானிக்கிறது.

நம்மில் பலர் பழகி வந்தது 'ஐகோ-யூகோ' (I go, you go). ஒருவர் தன் படை முழுவதையும் நகர்த்தி, சுட்டு, பாய்ந்து, கைகலந்து முடிப்பார். பிறகு மற்றவர் அதையே செய்வார். வார்ஹாமர் 40,000, பிளேம்ஸ் ஆஃப் வார் இரண்டும் இந்த எலும்புக்கூட்டின் மேல் நிற்பவை. இதன்மேல் வழக்கமான குறை இரண்டு. முதலாவது காத்திருப்பு: எதிராளி தன் டர்னை ஆடும் இருபது நிமிடமும் அடியைத் தாங்கினோமா என்று பார்க்கும் கவசப் பகடையை உருட்டுவதைத் தவிர நமக்கு வேலை இல்லை. இரண்டாவது முதல் அடி. 6 அடிக்கு 4 அடி மேஜையில் இரு படைகளும் தத்தம் நீள விளிம்பிலிருந்து 12 அங்குலத்துக்குள் நின்றால், நடுவில் இருப்பது 24 அங்குலம். 24 அங்குலம் எட்டும் துப்பாக்கிக்காரர்கள் 6 அங்குலம் முன்னேறிச் சுட்டால் எதிரியின் முன்வரிசையில் யாரும் தப்ப முடியாது. முதலில் ஆடுபவர் தன் பத்து யூனிட்டாலும் (ஒன்றாக இயங்கும் வீரர் குழு ஒவ்வொன்றும் ஒரு யூனிட்) சுடுகிறார். பதிலுக்குச் சுட எதிரியிடம் ஏழோ எட்டோதான் மிஞ்சுகின்றன. அந்தக் குறைவு அடுத்த டர்னில் இன்னும் பெரிதாகிறது.

டர்ன் முறையை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. மாற்றியதால் எதெல்லாம் உடைந்தது என்று தேடிச் சரிசெய்வதுதான் உண்மையான வேலை. 'உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்வரை' என்று முடியும் ஒவ்வொரு விதியும், கைகலப்பு எத்தனை தடவை நடக்கும் என்ற கணக்கும், மலிவான யூனிட்டின் புள்ளி விலையும் (படை சேர்க்கும்போது அதற்குக் கொடுக்கும் புள்ளிகள்) பழைய முறையை நம்பி எழுதப்பட்டவை. ஆகவே இந்தப் பதிவில், கையில் இருக்கும் ஒரு ஐகோ-யூகோ ஆட்டத்தின் மேல் வேறு டர்ன் முறைகளை எப்படி ஒட்டுவது, அதற்கு என்னென்ன பொருள் வேண்டும், ஒட்டு எங்கே விட்டுப்போகும் என்பதை மட்டும் பார்க்கலாம்.

தொடங்கும் முன்

சின்னதாகத் தொடங்குங்கள். பக்கத்துக்கு 5 அல்லது 6 யூனிட், ஒரே காட்சி, ஒரே மேஜை அமைப்பு, ஒரே படைப்பட்டியல். ஒரு முறையை இரண்டு தடவை ஆடுங்கள், இரண்டாம் தடவை படைகளை மாற்றிக்கொண்டு. இல்லையென்றால் முறை நன்றாக இருந்ததா, படை வலுவாக இருந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஒரே நேரத்தில் ஒரு மாற்றம்தான். டர்ன் முறையையும் மாற்றி, புது மனஉறுதி விதியையும் சேர்த்தால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமலே போகும்.

மூன்று எண்களைக் குறித்தால் போதும். ஒருவர் கைகட்டி நின்ற மிக நீளமான இடைவெளி எத்தனை நிமிடம். ஒருமுறைகூட இயங்காமலே செத்துப்போன யூனிட் எத்தனை. இரண்டு மணி நேரத்தில் எத்தனை ரவுண்டு முடிந்தது. 'ஜாலியாக இருந்ததா' என்ற கேள்விக்கு ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். இந்த மூன்று எண்ணிலும் அந்தத் தகராறு இல்லை.

பேச்சில் குழப்பம் வராமலிருக்க: இருவரும் ஒருசுற்று ஆடி முடிப்பது ரவுண்டு. ஒரு யூனிட் தன் வேலையைச் செய்வது ஆக்டிவேஷன்.

கட்டங்களைப் பிளப்பது

டர்னை நகர்வு, சுடுதல், கைகலப்பு என்ற கட்டங்களாகப் பிரிப்பது; எந்தப் பொருளும் தேவைப்படாத மாற்றம் இது. முதலில் நான் எல்லாவற்றையும் நகர்த்துகிறேன், பிறகு நீங்கள் நகர்த்துகிறீர்கள். நான் சுடுகிறேன், நீங்கள் சுடுகிறீர்கள். கடைசியில் கைகலப்பு எல்லோருக்கும் பொதுவாக ஒரே தடவை. மிடில்-எர்த் ஸ்ட்ராட்டஜி பேட்டில் கேம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. யார் முதலில் என்பதை ஒவ்வொரு ரவுண்டும் பகடை முடிவுசெய்யும்.

இங்கே ஒரு சுவையான முரண் உண்டு. மிடில்-எர்த்தில் பகடையில் ஜெயித்தவர் முதலில் நகர்கிறார். பேட்டில்டெக் என்ற ஆட்டத்தில் தோற்றவர்தான் முதலில் நகர வேண்டும். இரண்டுமே சரி. பேட்டில்டெக்கில் நகர்வு முடிந்த பிறகுதான் சுடுவது தொடங்கும், அதனால் எதிரி எங்கே நின்றுவிட்டான் என்று பார்த்துவிட்டு அவன் முதுகுப்பக்கம் போய் நிற்பவனுக்குத்தான் லாபம். மிடில்-எர்த்தில் முதலில் நகர்பவன் எதிரியை மோதிப் பிடித்துவிடலாம். பிடிபட்டவனால் நகர முடியாது. ஆகவே நீங்கள் ஒட்டும் ஆட்டத்தில் பாய்ச்சல் (எதிரியோடு மோத ஓடுவது) நகர்வுக் கட்டத்திலேயே நடக்கிறதா, தனிக் கட்டமா என்று முதலில் பாருங்கள். நகர்விலேயே நடந்தால் ஜெயித்தவர் முதலில். தனியாக நடந்தால் தோற்றவர் முதலில். இதைத் தலைகீழாக வைத்துவிட்டு 'இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற பகடை) ஜெயித்தும் பிரயோஜனமில்லையே' என்று புலம்புவதுதான் இந்த முறையில் வழக்கமாக நடப்பது.

இன்னொன்று: வார்ஹாமர் 40,000-இல் இரு ஆட்டக்காரர்களின் டர்னிலும் கைகலப்புக் கட்டம் வரும்; 5 ரவுண்டு ஆட்டத்தில் 10 கட்டம். ரவுண்டுக்கு ஒன்றாகச் சுருக்கினால் 5. துப்பாக்கிப் படை முன்புபோல் 5 தடவையே சுடும், வாள்படை மட்டும் பாதியாகிவிடும். ரவுண்டின் முடிவில் கைகலப்பை இரண்டு தடவை ஓட்டுவதுதான் நேரான தீர்வு. கேட்க அசிங்கமாக இருந்தாலும் கணக்கு சரியாக வரும்.

மாறிமாறி ஒவ்வொரு யூனிட்

டர்ன் முறையை மாற்ற வேண்டும் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் மனத்தில் வைத்திருப்பது இதைத்தான். நான் ஒரு யூனிட்டை எடுத்து அதன் நகர்வு, சுடுதல், பாய்ச்சல் அனைத்தையும் முடிக்கிறேன். அடுத்து நீங்கள் ஒன்று. மேலிஃபாக்ஸ், 2018-இல் வந்த ஸ்டார் வார்ஸ் லீஜியன், 2021-இல் மாறிய கில் டீம் என்று இதை நம்பும் ஆட்டங்கள் நிறைய.

தேவையான பொருள் யூனிட்டுக்கு ஒரு டோக்கன். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். முடிந்த யூனிட்டின் பக்கத்தில் டோக்கன் வைத்து, ரவுண்டு முடிவில் எல்லாவற்றையும் பொறுக்குவது என்றுதான் பலர் ஆடுகிறார்கள். காட்டுக்குப் பின்னால் ஒன்று விட்டுப்போய், அடுத்த ரவுண்டில் அந்த யூனிட் 'ஏற்கெனவே ஆடிவிட்டதாக' உட்கார்ந்திருக்கும். பொறுக்கவே வேண்டாம். டோக்கன் எப்போதும் யூனிட்டோடு இருக்கட்டும். ஒற்றைப்படை ரவுண்டில் முடிந்தால் சிவப்புக்குத் திருப்புங்கள், இரட்டைப்படையில் நீலத்துக்கு. நிறம் மாறாமல் இருப்பவை இன்னும் ஆட வேண்டியவை.

இனி உடையும் இடங்கள்.

முதலில் எண்ணிக்கை. என்னிடம் 5 யூனிட், உங்களிடம் 9. என் ஐந்தும் முடிந்த பிறகு நீங்கள் நான்கைத் தொடர்ந்து ஆடுவீர்கள், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிகிற குறை. தெரியாத குறை இதைவிட மோசம். ரவுண்டின் தொடக்கத்தில் நீங்கள் மூலையில் நிற்கும் நாலு மலிவு யூனிட்டுகளை அரை அங்குலம் தள்ளி நேரத்தைக் கடத்துவீர்கள். நான் என் நல்ல யூனிட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே காட்டியாக வேண்டும். நான் எல்லாம் காட்டி முடித்ததும் உங்கள் பீரங்கி எழும். ஐகோ-யூகோவுக்கு எழுதப்பட்ட புள்ளி விலையில் இந்த 'சும்மா நிற்கும் திறமை'க்கு விலை போடப்படவில்லை. எனவே பட்டியல் போடும்போதே மலிவு யூனிட்டுகள் பெருகத் தொடங்கும்.

தீர்வாகப் புழக்கத்தில் இருப்பவை இரண்டு. பேட்டில்டெக் விகிதம் வைக்கிறது: எதிரியிடம் இரட்டிப்பு இருந்தால் அவர் ஒவ்வொரு தடவையும் இரண்டிரண்டாக நகர்த்த வேண்டும். 2019-இன் மேலிஃபாக்ஸ் மூன்றாம் பதிப்பு, குறைந்த எண்ணிக்கை உள்ளவருக்குப் பாஸ் டோக்கன் தருகிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு 'இந்தத் தடவை நான் ஆடவில்லை' என்று தள்ளலாம். வீட்டு விதிக்கு என் ஓட்டு பாஸ் டோக்கனுக்கே, ஏனென்றால் 5-க்கு 9 போன்ற முழுதாய் வகுபடாத எண்ணிக்கையில் விகிதம் தடுமாறும். ஆனால் வித்தியாசம் முழுவதையும் டோக்கனாகக் கொடுத்தால் சிறு படை ரொம்பச் சொகுசாகிவிடும், ஏனென்றால் அதன் ஒவ்வொரு யூனிட்டும் ஏற்கெனவே அதிக வேலை செய்யக்கூடியது. பாதியில் தொடங்குங்கள்: 5-க்கு 9 என்றால் 2 டோக்கன்.

அடுத்தது ரவுண்டின் விளிம்பு. இரண்டாம் ரவுண்டின் கடைசி ஆக்டிவேஷனாக என் குதிரைப்படை 12 அங்குலம் ஓடுகிறது. மூன்றாம் ரவுண்டின் முதல் ஆக்டிவேஷனும் எனக்கே கிடைத்தால் அதே குதிரைப்படை இன்னொரு 12 அங்குலம் ஓடி மோதுகிறது. இடையில் உங்களுக்கு ஒரு மூச்சுகூட இல்லை. 'கடைசியாக ஆடிய யூனிட் அடுத்த ரவுண்டில் முதலாவதாக ஆடக்கூடாது' என்ற ஒற்றை வரி போதும். (ஏஜ் ஆஃப் சிக்மாரில் ஒவ்வொரு ரவுண்டும் பகடை போட்டு யார் முதலில் என்று மாற்றுவதால் ஒரு படை முழுவதுக்கும் இதே இரட்டை டர்ன் கிடைக்கும். அதை ரசிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.)

மூன்றாவது, கால அளவு. 'டர்ன் முடியும்வரை' என்று வரும் விதிகளையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே மூன்றாகப் பிரித்து எழுதிவையுங்கள். யூனிட் தனக்குத்தானே பெறும் பலன் அதன் ஆக்டிவேஷன் முடியும்வரை. நட்பு யூனிட்டுக்குக் கொடுக்கும் பலன், அந்த யூனிட் அடுத்து ஆடி முடிக்கும்வரை. எதிரிமேல் போடும் தடை ரவுண்டு முடியும்வரை. மூன்றாவதில் ஒரு ஓட்டை உண்டு: எதிரி யூனிட் ஏற்கெனவே ஆடிவிட்டிருந்தால் தடை வீண். அது ஓட்டையாகவே இருக்கட்டும். முந்திக்கொண்டால்தான் தடை பலிக்கும் என்பது ஆட்டத்துக்கு நல்லதே.

நான்காவது தளபதிகள். ஐகோ-யூகோவில் தளபதி முன்னே போவார், 6 அங்குலத்துக்குள் இருக்கும் மூன்று யூனிட்டுகள் அவர் பலத்தோடு சுடும். மாறிமாறி ஆடும்போது தளபதி தனியாக முன்னே போய் நின்றால் அவர் படை வந்து சேருவதற்குள் எதிரி அவரைச் சுட்டுத் தள்ளுவான். ஃப்ராஸ்ட்கிரேவ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: மந்திரவாதி எழும்போது 3 அங்குலத்துக்குள் இருக்கும் மூன்று வீரர்கள்வரை கூடவே எழலாம். பெரிய ஆட்டத்துக்குத் தளபதியோடு ஒரு யூனிட் என்று வைத்தால் போதும். இரண்டு என்றால் பழைய ஐகோ-யூகோ பின்வாசல் வழியாக வந்துவிடும்.

காத்திருப்பு நேரம் இந்த முறையில் இரண்டு மூன்று நிமிடமாகச் சுருங்கும். அதற்காக மொத்த நேரம் குறையும் என்று நினைக்க வேண்டாம், கூடும். ஐகோ-யூகோவில் ஒரு தடவை யோசித்துப் பத்து யூனிட்டை நகர்த்துகிறோம். இங்கே பத்து தடவை யோசிக்கிறோம், ஒவ்வொரு தடவையும் எதிரி நிலைமையை மாற்றியிருப்பார். செஸ் கடிகாரம் இதற்கு அப்படியே பொருந்தும். ஆக்டிவேஷன் முடிந்ததும் தட்டினால் தீர்ந்தது.

வரிசை கட்டிப் போரிடும் பழங்காலப் படைகளுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோளோடு தோள் நிற்க வேண்டிய கேடய வரிசை ஒவ்வொரு யூனிட்டாக முன்னேறினால் பல் விழுந்த சீப்பு மாதிரி ஆகிவிடும். ஆட வேண்டுமென்றால் ஒட்டி நிற்கும் யூனிட்டுகளை ஒரே குழுவாக எழுப்ப விடுங்கள்.

பையிலிருந்து பகடை

2012-இல் வந்த போல்ட் ஆக்‌ஷன் இதைப் பரவலாக்கியது. யூனிட்டுக்கு ஒரு பகடை, பக்கத்துக்கு ஒரு நிறம், எல்லாம் ஒரே பைக்குள். எடுக்கப்படும் பகடையின் நிறத்துக்குரியவர், இன்னும் ஆடாத ஏதாவது ஒரு யூனிட்டைத் தேர்ந்தெடுத்து ஆடுவார். அந்த ஆட்டத்தின் பகடையில் எண்ணுக்குப் பதிலாக ஆறு கட்டளைகள்: சுடு, முன்னேறு, ஓடு, பதுங்கிக் காத்திரு, ஒருங்குகூடு, படு. கட்டளை மேலே தெரியும்படி யூனிட்டின் பக்கத்தில் வைத்துவிட்டால் அது என்ன செய்தது, ஆடி முடித்ததா என்ற இரண்டையும் அதே பகடை சொல்லிவிடும். கணக்குப் பலகையே வேண்டாம்.

மாறிமாறி ஆடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வாய்ப்புக் கணக்கில்தான். பக்கத்துக்கு 6 பகடை இருந்தால் முதல் மூன்றும் ஒரே நிறமாக வரும் வாய்ப்பு 11-இல் 2, அதாவது சுமார் 18 சதவீதம். சராசரியாக ஐந்தாறு ரவுண்டுக்கு ஒரு தடவை வரும். 8-க்கு 12 என்றால், பன்னிரண்டுகாரர் முதல் மூன்றையும் எடுக்கும் வாய்ப்பு சுமார் 19 சதவீதம், எட்டுக்காரருக்கு 5 சதவீதம். மலிவு யூனிட்டுகளைப் பெருக்குவதற்கு இங்கேயும் பலன் உண்டு. ஆனால் கடைசி வார்த்தை யாருக்கு என்பது உறுதியில்லாததால் 'சும்மா நின்று நேரம் கடத்தும்' தந்திரம் பாதி செத்துவிடும். உங்களுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று தெரியாதபோது முக்கியமான யூனிட்டைக் கடைசிவரை வைத்திருக்கத் துணிச்சல் வராது. இந்த அவசரம்தான் பை முறையின் உயிர்.

பொருள் விஷயத்தில் கவனம் தேவை. எல்லாப் பகடையும் ஒரே அளவு, ஒரே முனைவடிவு. 12 மில்லிமீட்டரும் 16 மில்லிமீட்டரும் கலந்தால் விரல் தானாகவே கண்டுபிடித்துவிடும், ஏமாற்ற நினைக்காதவருக்கும். கூர்முனைப் பகடையும் உருட்டிய முனைப் பகடையும் கலந்தாலும் அதே கதிதான். பை உள்ளே தெரியாத கனத்த துணியாக, கை மணிக்கட்டுவரை நுழையும் ஆழத்தில் இருக்கட்டும். சுருக்குக் கயிறு வைத்த சின்னப் பைகளில் பகடை அடியில் ஒட்டி நின்று சரியாகக் கலக்காது. எடுப்பதை இருவரும் மாறிமாறிச் செய்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

யூனிட் செத்தால் அதன் பகடை எப்போது வெளியே போகும்? உடனே எடுத்தால் தோற்கிறவர் இன்னும் வேகமாகத் தோற்பார்: யூனிட்டும் போயிற்று, அடுத்து எடுக்கப்படும் வாய்ப்பும் குறைந்தது. ரவுண்டு முடியும்வரை பையிலேயே விட்டால் எடுக்கும்போது ஆட யூனிட் இல்லாத பகடை வரும். அதைப் பாஸாகக் கொள்ளலாம், அல்லது தளபதியை மட்டும் 6 அங்குலம் நகர்த்தும் உரிமையாகக் கொடுக்கலாம். குட்டிப் படைகளில் இரண்டாவது முறை ஆட்டத்தை இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு வைக்கும். தொடர்ந்து ஒரே நிறம் வருவது எரிச்சலாக இருந்தால் 'மூன்றுக்கு மேல் தொடராது, நான்காவதை உள்ளே போட்டு மறுபடி எடு' என்று ஒரு வரம்பு. அதை இரண்டாகச் சுருக்காதீர்கள்; அப்புறம் அது சத்தம்போடும் மாறிமாறி முறை, அவ்வளவுதான்.

சீட்டு, முக்கியமாக அந்த ஒரு சீட்டு

சீட்டுக்கட்டு பையைவிடப் பழையது. 1979-இல் வந்த 'தி ஸ்வோர்டு அண்ட் தி ஃபிளேம்' சாதாரணச் சீட்டுக்கட்டையே பயன்படுத்தியது: சிவப்பு வந்தால் ஒரு பக்கம், கறுப்பு வந்தால் மறுபக்கம். இதில் சீட்டு சொல்வது 'யார் ஆடுவது' என்பதை மட்டும். எந்த யூனிட் என்பது ஆடுபவர் கையில். ஷார்ப் பிராக்டிஸ் போன்ற ஆட்டங்களில் ஒவ்வொரு தலைவனுக்கும் பெயர் போட்ட சீட்டு. எந்தத் தலைவன் எழுவது என்பதையும் கட்டுதான் சொல்லும். உங்கள் ஆட்டத்தில் ஒட்டும்போது இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது. முதலாவதில் திட்டம் போடலாம். இரண்டாவதில் போட்ட திட்டம் நடக்கிறதா என்று பார்க்கலாம். குழப்பமான காட்டுச் சண்டைக்கு இரண்டாவது அருமை. கச்சிதமாகக் கணக்குப் போட்டு ஜெயிக்க விரும்புபவர் அதை வெறுப்பார்.

பெயர்ச்சீட்டோடு சேர்ந்து வருவது ரவுண்டை முடிக்கும் சீட்டு. ஷார்ப் பிராக்டிஸில் அதற்குப் பெயர் டிஃபின். அது வந்ததும் அந்த ரவுண்டின் சீட்டு எடுப்பு முடிந்தது, சீட்டு வராத தலைவர்கள் வராதவர்கள்தான். இதன் கணக்கு எளியது. முடிவுச் சீட்டு ஒன்று என்றால், கட்டில் எத்தனை சீட்டு இருந்தாலும் ஒரு யூனிட் ஆடும் வாய்ப்பு சரிபாதி: அதன் சீட்டு முடிவுச் சீட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முடிவுச் சீட்டு இரண்டு வைத்து இரண்டாவது வந்தால்தான் முடிவு என்றால் 3-இல் 2. மூன்று வைத்தால் 4-இல் 3.

ஒன்று மட்டும் வைத்து ஆடினால் உங்கள் அருமையான யூனிட் தொடர்ந்து மூன்று ரவுண்டு அசையாமலிருக்கும் வாய்ப்பு 8-இல் 1. பக்கத்துக்கு ஆறு யூனிட் இருக்கும் மேஜையில் யாராவது ஒருவருக்கு அது எளிதில் நடந்துவிடும், அவர் இந்த முறையை இனிமேல் தொட மாட்டார். இரண்டு முடிவுச் சீட்டில் அதே வாய்ப்பு 27-இல் 1. புதிதாக முயல்பவர்கள் இரண்டில் தொடங்குங்கள். கூடவே ஓர் ஆறுதல் விதி: சீட்டு வராத யூனிட்டுகள் ரவுண்டு முடிவில் நகராமல் ஒருமுறை சுடலாம், துல்லியம் ஒன்று குறைவாக. இதனால் யூனிட் முழுக்கச் சிலையாகிவிடாது.

பத்துப் பன்னிரண்டு சீட்டை வழக்கம்போல் கையில் கலக்கினால் சரியாகக் கலக்காது; போன ரவுண்டில் பக்கத்தில் இருந்தவை பக்கத்திலேயே இருக்கும். கவிழ்த்து மேஜையில் பரப்பி இரு கையாலும் துழாவி அள்ளுங்கள். முனை மடங்கிய சீட்டு ஒன்று இருந்தாலும் எல்லோருக்கும் அது தெரிந்துவிடும், உறை போட்டுவிடுவது நல்லது.

உருட்டிச் சம்பாதிப்பது

இது ஐகோ-யூகோவின் தூரத்துச் சொந்தம். டர்ன் உங்களுடையதே, ஆனால் எத்தனை யூனிட் அசையும் என்பதைப் பகடை சொல்லும். 1990-இன் டிபிஏ ஆட்டம் இதை ஒரே ஆறுமுகப் பகடையில் முடித்தது: பன்னிரண்டு துண்டுகள் (யூனிட்டுகள்) கொண்ட படையில், விழுந்த எண்ணிக்கைக்கு நகர்வு. ஒட்டி நிற்கும் குழு முழுவதும் ஒரு நகர்வில் போகும் என்பதால் வரிசை கலையாமல் இருப்பவருக்குப் பரிசு, சிதறியவருக்குத் தண்டனை. வரிசைப் படைகளுக்கு இதைவிடச் சிக்கனமான விதி எனக்குத் தெரியவில்லை.

வார்மாஸ்டரில் தளபதி கட்டளைப் பகடையில் தவறினால் அவர் அந்த டர்னில் வேறு யாருக்கும் கட்டளையிட முடியாது. லயன் ராம்பன்டில் ஒரு யூனிட் தவறினாலே டர்ன் எதிரிக்குப் போகும். சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ் இன்னும் குறும்பானது. ஒவ்வொரு வீரனுக்கும் 1, 2 அல்லது 3 பகடை உருட்டலாம், ஜெயித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல், இரண்டு தவறினால் டர்ன் போச்சு. 4 அல்லது அதற்கு மேல் வேண்டிய வீரனுக்கு 3 பகடை எடுத்தால் டர்னை இழக்கும் வாய்ப்பு சரிபாதி. 2 எடுத்தால் கால்வாசி. 1 எடுத்தால் இழக்கவே முடியாது. 3 அல்லது அதற்கு மேல் போதும் என்ற தேர்ந்த வீரனுக்கு 3 பகடையிலும் சுமார் 26 சதவீதம்தான். பேராசைக்கு எவ்வளவு விலை என்று ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார். அதனால் கெட்ட பகடையைத் திட்ட மனம் வராது.

'தவறினால் டர்ன் முடிந்தது' விதியை உங்கள் ஆட்டத்தில் ஒட்டும்போது இலக்கு எண்ணைக் கவனியுங்கள். இரண்டு பகடையில் 7 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு யூனிட்டுக்கு 58 சதவீதம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மூன்று யூனிட் தொடர்ந்து எழ 20 சதவீதம்தான். 5 அல்லது அதற்கு மேல் என்று தளர்த்தினால் ஒன்றுக்கு 83 சதவீதம், ஆறு யூனிட்டும் எழ 33 சதவீதம். நான் 5-இல் தொடங்கி, தளபதியிடமிருந்து 12 அங்குலத்துக்கு அப்பால் நிற்பவருக்கு மட்டும் 7 என்று வைப்பேன். முதல் உருட்டலிலேயே தவறி ஒன்றுமே செய்யாமல் டர்னைக் கொடுக்கும் கொடுமையைத் தவிர்க்க, டர்னுக்கு ஒரு யூனிட் உருட்டாமலே எழட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதைத்தான் பெரும்பாலும் மறந்துபோகிறார்கள். 6 அங்குலம் நடக்கும் காலாட்படை 5 ரவுண்டில் 30 அங்குலம் போகும் என்ற நம்பிக்கையில்தான் கைப்பற்ற வேண்டிய இலக்குகள் மேஜையில் வைக்கப்பட்டிருக்கும். 58 சதவீதம்தான் எழும் என்றால் சராசரியாகச் சுமார் 17 அங்குலம்தான். நடு மேஜையில்கூடச் சண்டை சூடுபிடிக்காமல் ஆட்டம் முடிந்துவிடும், எல்லோரும் டர்ன் முறையைக் குறை சொல்வார்கள். ரவுண்டை 8 ஆக்குங்கள் அல்லது இலக்குகளைப் பக்கத்துக்கு 4 அங்குலம் உள்ளே இழுங்கள்.

சாவைத் தள்ளிப்போடுவது

முதல் அடி மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் டர்ன் முறையைத் தொடவே வேண்டாம். செத்தவர்களை எப்போது எடுப்பது என்பதை மட்டும் மாற்றுங்கள். பேட்டில்டெக்கில் சுடும் கட்டத்தின் சேதம் அந்தக் கட்டத்தின் முடிவில்தான் பலிக்கும், ஆகவே சாகப்போகிறவனும் சுட்டுவிட்டுத்தான் சாவான். 2019-இன் வார்ஹாமர் 40,000 அபோகலிப்ஸ் சேதத்துக்கு அடையாளம் மட்டும் வைத்துவிட்டு, பலனை ரவுண்டு முடிவுக்குத் தள்ளியது. ஐகோ-யூகோவை அப்படியே வைத்துக்கொண்டு இதை மட்டும் ஒட்டினாலே இரண்டாவதாக ஆடுபவர் முழுப் படையோடு பதில் சொல்வார்.

கவனிக்க வேண்டியது இரண்டு. சேதத்தை உடனே உருட்டி 'இது செத்துவிட்டது' என்று தெரிந்தால், அதன் சொந்தக்காரர் அந்த யூனிட்டை எதற்கும் பயப்படாமல் தற்கொலைப் பாய்ச்சலுக்கு அனுப்புவார். தைத்த அடிகளை மட்டும் எண்ணி அடையாளம் வைத்து, கவசப் பகடையை ரவுண்டு முடிவில் உருட்டினால் இந்த வாசல் அடைபடும். அடையாளத்துக்குச் சின்னப் பகடைகளை மேஜையில் குவித்தால் கை தட்டிக் கலைந்துவிடும். யூனிட் பெயர் போட்ட ஒரு தாளில் கோடு போடுவதே பாதுகாப்பு.

ரகசியக் கட்டளைகள் இதன் உறவு. 1991-இன் ஸ்பேஸ் மரீன் பதிப்பு, ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று கட்டளையில் ஒன்றைக் கவிழ்த்து வைக்கச் சொன்னது. எக்ஸ்-விங் ஆட்டம் நகர்வைச் சுழல்வட்டில் மறைத்தது. திறன் குறைந்த விமானி முதலில் நகர்வார், திறன் கூடியவர் முதலில் சுடுவார். வீட்டில் செய்யும்போது தாளில் எழுதும் வழக்கத்தை மட்டும் தவிருங்கள். 'குன்றை நோக்கி முன்னேறு' என்று எழுதியவர், குன்றின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிறகு வாதாடுவார். நடுவர் இருந்தால்தான் அது ஓடும். நாலுக்கு மிகாத கட்டளை, கவிழ்த்து வைக்கும் அட்டை, அவ்வளவு போதும்.

எதிரி நகரும்போதே குறுக்கிட்டுச் சுடும் முறைகளும் உண்டு: இன்ஃபினிட்டி, 1996-இன் கிராஸ்ஃபயர். பின்னதில் குறிப்பிட்ட டர்னே கிடையாது, தவறும்வரை உங்கள் கை ஓங்கியிருக்கும். ஆனால் இவற்றை வேறு ஆட்டத்தில் ஒட்டுவது அநேகமாக வீண்வேலை. ஒவ்வொரு அங்குலத்திலும் 'இப்போது தெரிகிறதா' என்ற கேள்வி எழும். மேஜை முழுக்க மறைவிடம் நெருக்கமாக இல்லையென்றால் யாரும் அசையவே மாட்டார்கள். அந்த ஆட்டங்கள் அதற்கென்றே அளவெடுத்துத் தைக்கப்பட்டவை. ஆசையிருந்தால் அவற்றையே ஆடுங்கள்.

ஆட்கள் கூடினால், குறைந்தால்

பக்கத்துக்கு மூன்று பேர் என்றால் நான் தயங்காமல் ஐகோ-யூகோவுக்கே திரும்புவேன். ஒரு பக்கத்தின் மூவரும் ஒரே நேரத்தில் தத்தம் படைகளை நகர்த்தலாம். மாறிமாறி ஒவ்வொரு யூனிட் என்றால் ஒருவர் ஆட ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். சாவைத் தள்ளிப்போடும் விதியை மட்டும் சேர்த்துக்கொண்டால் முதல் அடியும் மட்டுப்படும். மூன்று பேர் மூன்று எதிரிகளாக ஆடும்போது பை நன்றாக வேலை செய்யும், மூன்றாவது நிறப் பகடை வாங்கினால் போதும்.

தனியாக ஆடுபவருக்குப் பெயர்ச்சீட்டும் முடிவுச் சீட்டும்தான் சிறந்த கூட்டாளி. மறைக்க ஒன்றும் இல்லை, இரு பக்கத்துக்கும் மனசாட்சிப்படி ஆடினாலும் அடுத்து யார் என்று தனக்கே தெரியாது. எதிரிப் பக்கத்துக்கு மட்டும் யூனிட்டுக்கு ஒன்றுக்கு மேல் சீட்டு போட்டால் ஆட்டத்தின் கடினம் கூடும்: ஆறு யூனிட்டில் இரண்டுக்கு இரட்டைச் சீட்டு என்பதிலிருந்து தொடங்கலாம்.